சுடாத பாதம்

ஜக்கம்மாள் பூக்குழி இறங்குகிறாள் என்றால் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். மற்றவர்கள் எல்லாம் காப்புக் கட்டி, விரதம் இருந்து, ஆத்தா ஆத்தா என்று கத்திக்கொண்டு நெருப்பை ஓடித்தான் கடப்பார்கள். அவள் ஓடமாட்டாள். குடத்தோடு தண்ணிக்குப் போகிறவள் நடையில் போவாள். நடுக்குழியில் நின்று இடுப்புச் சேலையைச் சரியாகச் செருகிக்கொண்டு போனதும் உண்டு. அதைப் பார்த்த பிறகுதான் ஊர் அவளைக் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தது. அதுவரைக்கும் அவளுக்கு ஊரில் இருந்த பேர் கரிக்காரி.

நான் சோணைமுத்து. எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே, கண்மாயைத் தாண்டியிருக்கிற காலனிக்காரன். குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறேன். விடியுமுன் எங்கள் காலனிப் பொம்பளைகளை ஏற்றிப் போய்ச் சீமைக்கருவேலங் காட்டில் விடுவேன். அவர்கள் மரம் வெட்டி அடுக்கி, மண் மூடி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பார்கள். சாயங்காலம் அந்தக் கரிமூட்டைகளை லோடு ஏற்றிப் பந்தல்குடியில் தங்கசாமி முதலாளியின் கிட்டங்கியில் இறக்குவேன். ஜக்கம்மாள் எனக்குச் சின்னம்மா முறை. அவள் செத்ததற்கு ஊரில் ஒரு காரணம் சொல்கிறார்கள். ஆத்தா தன் பிள்ளையைத் தானே கூப்பிட்டுக்கொண்டாளாம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆத்தா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் பேரைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறவர்கள் மேல்தான் கோபம்.

ஜக்கம்மாள் சின்னப் பிள்ளையில் பருத்தி எடுக்கப் போனவள். மழை பொய்த்து, சம்சாரிகள் காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு டவுனுக்குப் போனதும், அந்தத் தரிசெல்லாம் கருவேலம் ஏறியது. பருத்தி எடுத்த அதே கைகள் கருவேலம் வெட்டப் போயின. புருஷன் சோலைச்சாமியும் மூட்டக்காரர்தான். ஒரு நாள் மூட்டத்துக்குக் காவல் இருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. தலையில் ஒரு நரை கிடையாது. எங்கள் காலனியில் அதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. இங்கே ஆம்பளைக்கு நரை விழுந்தால்தான் அதிசயம்.

லோடு இறக்கப் போகிற இடத்தில் முதலாளி தெருக் கேதங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே ஒருவர் செத்தால் பேரப்பிள்ளைகள் வரிசையாக நெய்ப்பந்தம் பிடித்து நிற்பார்கள். அந்தப் பேரன்களில் பாதிப்பேருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். எங்கள் காலனியில் நெய்ப்பந்தம் பிடித்து நான் பார்த்ததே குறைவு. பேரன் பிறப்பதற்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார். சோலைச்சாமி சித்தப்பா போனபோது மகள் சுகந்தி பள்ளிக்கூட யூனிஃபார்மோடு வந்து நின்றாள்.

புருஷன் போன பிறகு ஜக்கம்மாளுக்குச் சர்க்கரை வந்தது. வீடு வீடாக வந்து ரத்தம் பார்க்கிற நர்ஸம்மாதான் கண்டுபிடித்தார். மாத்திரையையும் அவரே கையில் கொடுத்தார். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்ட பெறகுதான் போடணும். வெறும் வயித்துல போட்றாதீகம்மா" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார். என் சின்னம்மா சொன்ன சொல் தட்டாதவள். விடியுமுன் நான் ஹாரன் அடிக்கும்போது அவள் வயிற்றில் கடுங்காப்பியைத் தவிர ஒன்றும் இருக்காது. சாப்பிடவில்லை, அதனால் மாத்திரையும் போடவில்லை. வெயில் ஏறிய பிறகு காட்டில் தூக்குச்சட்டியைத் திறப்பாள். அப்போது மாத்திரை வீட்டில் இருக்கும். கரித்தூசியில் கெட்டுப்போகும் என்று அதைக் காட்டுக்குக் கொண்டுவர மாட்டாள். ராத்திரி அலுப்பில் பாதி நாள் சாப்பிடாமலே சாய்ந்துவிடுவாள். டப்பாவில் மாத்திரை சேர்ந்துகொண்டே போனது. நர்ஸம்மா வந்து கேட்டால், "நீங்க சொன்னபடிதாம்மா செய்யிறேன்" என்பாள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

பிறகு கால் மரத்துப்போனது. அதை அவளும் அறியவில்லை, நாங்களும் அறியவில்லை. ஒரு நாள் வண்டியில் வரும்போது ராஜேஸ்வரி திடீரென்று கத்தினாள். ராஜேஸ்வரி காலனியில் அடுத்த வீட்டுக்காரி, வண்டியில் எப்போதும் ஜக்கம்மாள் பக்கத்தில் உட்காருகிறவள். பார்த்தால் சின்னம்மாவின் செருப்பைத் துளைத்து ஒரு கருவேல முள் பாதத்துக்குள் போயிருந்தது. செருப்பும் காலும் சேர்ந்து தைத்துக் கிடந்தன.

"அய்யய்யோ மதினி, வலிக்கலையா?"

"குத்துனதே தெரியலடி" என்று சின்னம்மா முள்ளைப் பிடுங்கி வெளியே எறிந்தாள்.

"ஒனக்கென்ன, கல்லுக்காலு. எங்களுக்கெல்லாம் இப்பிடி ஒண்ணு வாய்க்குதா?" என்றாள் ராஜேஸ்வரி. வண்டியே சிரித்தது. முள்ளோடு பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு முள் வலிக்காமல் இருப்பது பெரிய வரம்தானே. நானும் சிரித்தேன்.

அந்த வருஷம் சுகந்திக்கு மஞ்சக்காமாலை வந்து பிழைத்தாள். அதற்காகச் சின்னம்மா ஆத்தா கோயில் பங்குனிப் பொங்கலில் பூக்குழி இறங்குவதாக நேர்ந்துகொண்டாள். கரிக்காரி என்பதால் குழிக்கு நெருப்பு வளர்க்கிற வேலையும் அவளுக்கே வந்தது. சாயங்காலம் மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக இறங்கினாள். முதல் எட்டு பயந்து வைத்தாள். ரெண்டாவது எட்டில் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஓட எடுத்த காலை நிதானமாக ஊன்றினாள். அப்புறம் நடந்தே கடந்தாள். குலவைச் சத்தம் கண்மாய்க்கரையில் மோதித் திரும்பியது. வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுடல சோணை. நெசமாவே சுடல. ஆத்தா என்னையக் கைவிடல" என்று சொல்லி அழுதாள்.

பிறந்ததிலிருந்து யாரும் எதுவும் தராத ஒருத்திக்கு, தெய்வமே நேரில் வந்து ஒன்றைத் தந்துவிட்டுப் போயிருக்கிறது. அவள் நம்பாமல் என்ன செய்வாள்?

மறுநாளிலிருந்து ஊர்ப் பேச்சு மாறியது. 'அவ' என்று சொன்ன வாயெல்லாம் 'அவுக' என்றது. கூலி கேட்டுப் போனால் வாசலில் நிற்க வைத்த சம்சாரி வீட்டில் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். பிள்ளை இல்லாதவர்கள் அவள் கையால் திருநீறு வாங்கிப் போனார்கள். அடுத்த வருஷம் பூக்குழியில் முதல் ஆளாக இறங்குகிற உரிமையை அவளுக்கே கொடுத்தார்கள். காலனியிலிருந்து ஒருத்தி முதல் ஆளாக இறங்குவது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. அந்த வருஷமும் நடந்துதான் போனாள். உள்ளங்காலில் கொப்புளம் வந்தது. அதை அவள் பார்க்கவில்லை, வலித்தால்தானே பார்ப்பதற்கு.

இந்த இடத்தில் தங்கசாமி முதலாளியின் காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கும் சர்க்கரைதான். என் சின்னம்மாவுக்கு வருவதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே வந்தது. சாயங்காலம் நான் லோடு இறக்கும்போது அவர் கிட்டங்கிக்குப் பின்னால் வீட்டு முற்றத்தில் ஸ்டூல் மேல் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் சம்சாரம் சுந்தராம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டார்ச் லைட் அடித்து அவர் உள்ளங்காலைப் பார்ப்பார். விரல் இடுக்கெல்லாம் விடமாட்டார். சாமி கும்பிடாத நாள் இருக்கும், அந்தக் காலைப் பார்க்காத நாள் கிடையாது. முதலாளிக்குச் செருப்பே தனி. நீல நிறத்தில் மெத்தென்று இருக்கும். வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டுதான் நடப்பார். "என்ன மொதலாளி, காலுக்குத் திருஷ்டி கழிக்கிறாகளா?" என்று நான் கேலி பண்ணுவேன். "காலு போச்சுன்னா ஆளு போச்சுடா" என்று சிரிப்பார். நல்ல மனுஷன். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாம் வருஷம் மாசிக் கடைசியில் ஒரு நாள், சாக்குக் கட்டு எடுத்து வரச் சின்னம்மா என்னோடு கிட்டங்கிக்கு வந்தாள். முற்றத்துக் கல்லில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தாள். முதலாளி காலைப் பார்த்து முடித்த சுந்தராம்பாள், கையிலிருந்த டார்ச்சை அணைக்காமல் அப்படியே இவள் காலில் அடித்துவிட்டார்.

"ஏம்மா ஜக்கம்மா, இது என்ன ஓட்டை? எத்தன நாளா இருக்கு?"

"எங்கம்மா இருக்கு?" என்று சின்னம்மா தன் காலைத் தானே புதுசாகப் பார்த்தாள்.

"காலு மரத்துப் போச்சா ஒனக்கு?"

"மரக்கலம்மா. இது ஆத்தா குடுத்த காலு. நெருப்பே சுடாது" என்று பெருமையாகச் சொன்னாள்.

சுந்தராம்பாள் கண்ணாடியைக் கழற்றினார். "இவுகளுக்கும் சுடாதும்மா. வென்னீர்ல கால விட்டுத் தோலு உரிஞ்சது தெரியாம உக்காந்திருந்தாக. அன்னைக்கு இருந்துதான் நான் டார்ச் எடுத்தேன். இது சர்க்கரை பண்ற வேலை. ஆத்தா மேல பழி போடாத" என்றார். உள்ளே போய் முதலாளியின் பழைய நீலச் செருப்பைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

வண்டியில் திரும்பும்போது சின்னம்மா அந்தச் செருப்பை மடியிலேயே வைத்திருந்தாள். ரெட்டியபட்டி விலக்கு வந்ததும் கேட்டாள்.

"அப்ப அது ஆத்தா இல்லையாடா?"

ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிற சுகந்தி ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நர்ஸம்மாவைக் கையோடு கூட்டி வந்தாள். நர்ஸம்மா சின்னம்மாவின் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஊசி முனையால் பாதத்தைத் தொட்டார். "குத்துறப்ப சொல்லுங்கம்மா" என்றார். "சரிம்மா, குத்துங்க" என்று சின்னம்மா காத்திருந்தாள். ஊசி அவள் கட்டைவிரலில் நின்றுகொண்டிருந்தது. சுகந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உடனே அருப்புக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரில காட்டணும். வெறுங்காலோட ஒரு எட்டு வைக்கக்கூடாது. பூக்குழி கனவுலயும் கூடாது" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா போனார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஊரில் காப்புக் கட்டு.

அன்றைக்கு அம்மாவுக்கும் மகளுக்கும் நடந்த சண்டை தெருவுக்கே கேட்டது.

"நீ எறங்கக்கூடாது. எனக்கு அப்பா இல்ல, நீ ஒருத்திதான் இருக்க" என்று சுகந்தி கத்தினாள்.

"எறங்கலைன்னா என்னடி சொல்லுவாக? ஊரப் பூரா ஏமாத்துனேன்னு சொல்லுவாக. மறுபடியும் கரிக்காரி ஆயிருவேன்."

"ஆனா என்ன? உசுரோட இருப்பல்ல?"

"ஏண்டி, குமரியா இருந்த நாள்ல இருந்து இந்தக் காலு வலிச்சுக்கிட்டுத்தான் கெடந்துச்சு. அன்னைக்கு ஒருத்தரும் ஏன்னு கேக்கல. வலி நின்ன பெறகுதான் கும்புட்டாக. இந்த ஒரு வருசம் எறங்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாரேன். ஆத்தா சத்தியமா வாரேன்."

சுகந்தி என்னைப் பார்த்தாள். நானும் சொல்லிப் பார்த்தேன். "நீ வண்டிய ஓட்டுடா" என்று சின்னம்மா ஒரே சொல்லில் என் வாயை அடைத்துவிட்டாள்.

காப்புக் கட்டியவர்கள் செருப்புப் போடக்கூடாது. எங்கள் ஊரில் அதை யாரும் மீறமாட்டார்கள். மீறினால் ஊருக்கே ஆகாது என்பார்கள். முதலாளியின் நீலச் செருப்பைச் சின்னம்மா ஒரு கேரிபேக்கில் சுற்றி ஆணியில் தொங்கவிட்டாள். வசதியான வீட்டுப் பொம்பளைகள் காப்புக் கட்டினால் வீட்டோடு இருந்து பூஜை பண்ணுவார்கள். இவள் அடுத்த நாளே என் வண்டியில் ஏறினாள். வெட்டிய கருவேலக் கட்டைகள் ஈட்டி முனையாக நிற்கிற காட்டில், விரதம் முடிகிறவரை வெறுங்காலோடு நடந்தாள். கூட வந்தவர்கள் பக்தியோடு பார்த்தார்கள். உள்ளே போன முள் எந்த நாளில் போனது என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது.

பூக்குழி அன்று முதல் ஆளாக இறங்கினாள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. சாமி வந்திருக்கிறது என்று கூட்டம் சொன்னது. அந்த வருஷம் மெதுவாக நடந்தது பக்தியால் இல்லை, அவளால் அதைவிட வேகமாக நடக்க முடியவில்லை. கடந்து முடித்து வேப்பமரத்தடியில் சரிந்தாள். மஞ்சள் தண்ணி ஊற்றிக் காலைக் கழுவி, அந்தத் தண்ணியை நாலைந்து பேர் தலையில் தெளித்துக்கொண்டார்கள். மஞ்சள் வாசத்துக்கு நடுவில் அழுகல் வாடை அடித்ததை நானும் சுகந்தியும் மட்டும் கவனித்தோம்.

காப்பு அவிழ்க்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டி ராத் தங்கக்கூடாது என்று பெரியவர்கள் மறித்தார்கள். அவர்கள் முன்னாலேயே சுகந்தி தன் அம்மா கையிலிருந்த காப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். தூக்கி என் வண்டியில் போட்டோம். அருப்புக்கோட்டையில் பார்த்துவிட்டு உடனே மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் பாதத்தைக் கீறி, என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு முள்ளை எடுத்து டாக்டர் தட்டில் வைத்தார். முழங்காலுக்குக் கீழே அந்தக் காலை எடுத்தார்கள். விஷம் அதற்கு முன்னாலேயே மேலே ஏறியிருந்தது. நினைவு வந்த ஒரு காலையில் போர்வையைத் தடவிப் பார்த்தாள்.

"எந்தக் கால எடுத்தாக, ஆத்தா குடுத்த காலையா?" என்று கேட்டாள்.

"அதத்தான்மா" என்றாள் சுகந்தி. வேறு என்ன சொல்ல முடியும்? அந்த வாரத்திலேயே சின்னம்மா போய்விட்டாள்.

அந்த மாசத் தொடக்கத்தில் தங்கசாமி முதலாளிக்கும் காலில் ஒரு கொப்புளம் வந்திருந்தது. டார்ச் வெளிச்சத்தில் சுந்தராம்பாள் பார்த்த அன்றைக்கே காரில் ஏற்றினார்கள். மருந்து வைத்துக் கட்டி, வேலைக்கு ஆள் வைத்து, அவரைத் தரையில் கால் ஊன்றவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆறிவிட்டது. அந்தக் காலோடுதான் எங்கள் காலனிக்குக் கேதம் விசாரிக்க வந்தார். மாலையைப் போட்டுவிட்டு உண்மையிலேயே கண் கலங்கினார். "என்னம்மா வயசு அவளுக்கு?" என்று சுகந்தியைக் கேட்டார்.

"ஒங்க மூத்த மக வயசுதான் மொதலாளி" என்றாள் சுகந்தி. நெய்ப்பந்தம் பிடிக்க ஆள் இல்லாமல் சின்னம்மாவை எடுத்தோம்.

அடுத்த பங்குனிக்கு ஊர்ப் பெரியவர்கள் சுகந்தியைத் தேடி வந்தார்கள். தாய்க்குக் கிடைத்த வரம் மகளுக்கும் இருக்கும், முதல் ஆளாக நீதான் இறங்க வேண்டும் என்றார்கள். அவள் விரட்டி அடிப்பாள் என்று நினைத்தேன். சரி என்றுவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "தெரிஞ்சுக்கணும்ண்ணே" என்றாள்.

பொழுது சாய்கிற நேரம். குழியில் கருவேலக் கரி செக்கச் சிவந்து கிடந்தது. சுகந்தி முதல் எட்டை வைத்ததும் வீறிட்டு அலறினாள். சேலையை வாரிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடி, குழிக்கு வெளியே என் மேல் வந்து விழுந்தாள். காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரித்தாள்.

"சுட்டுருச்சுண்ணே! ரெண்டு காலும் சுட்டுருச்சு! எனக்கு வலிக்குதுண்ணே!"

எனக்கும் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. ஊர் முகம் சுருங்கிப்போனது. தாயிடம் இருந்த பக்தி மகளிடம் இல்லை என்று யாரோ பின்னால் சலித்துக்கொண்டார்கள். ஆளாளுக்கு ஓடிக் கடந்தார்கள். அப்போது குலவைச் சத்தம் திடீரென்று எழும்பியது. திரும்பிப் பார்த்தேன்.

ராஜேஸ்வரி இறங்கியிருந்தாள். என் வண்டியில் சின்னம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து, உனக்கென்ன கல்லுக்கால் என்று ஏக்கப்பட்டவள். அவள் ஓடவில்லை. ஒவ்வொரு எட்டாக ஊன்றி நடந்து வந்தாள். நடுவில் வந்ததும் அவள் முகம் மாறியது. அந்த மாற்றத்தை நான் முன்னமே ஒரு தரம் பார்த்திருக்கிறேன்.

கொப்புளித்த காலோடு சுகந்தி எழுந்து ஓடினாள். குழியை விட்டு வெளியே வந்த ராஜேஸ்வரியின் காலடியில் குப்புற விழுந்து, அவள் பாதத்தைத் தூக்கி, செல்போன் லைட்டை அடித்து உள்ளங்காலில் கொப்புளத்தைத் தேடினாள். கரிக்காரி மகளே காலில் விழுந்துவிட்டாள் என்று ஊர் இன்னும் பலமாகக் குலவை போட்டது. ராஜேஸ்வரி கண்ணை மூடி, குனிந்து, சுகந்தியின் நெற்றியில் திருநீறு பூசினாள்.